சீறாத பாம்பும் கொதிக்காத இரத்தமும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சிறிய பரீட்சை எழுத அது போதுமான நேரம். கீழே உள்ள ஐந்து வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும்.

1. பாம்பு சீறியது.
2. கடல் சீற்றமாக இருக்கிறது.
3. பஸ் வராததால் எரிச்சலாக இருந்தது.
4. தாத்தாவுக்கு இரத்தக் கொதிப்பு.
5. தங்கை என்னிடம் கோபித்துக்கொண்டாள்.

ஐந்திலும் கோபத்தின் வாடை அடிக்கிறது அல்லவா? கோபத்துக்கு நாம் பள்ளியில் படித்த 'ஆங்கர்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். ஒன்றுகூடத் தேறாது! பாம்பின் சீறல் ஆங்கிலத்தில் 'ஹிஸ்'. அது வெறும் ஒலியின் பெயர். சீறும் கடல் 'ரஃப்', அதாவது கரடுமுரடானது. எரிச்சல் 'இரிட்டேஷன்'. தாத்தாவின் நோய் 'ஹைப்பர்டென்ஷன்'. தங்கையின் கோபத்துக்கு நேரான சொல்லே கிடைப்பது கடினம். அவளைக் கடைசியில் சமாதானம் செய்வோம்.

ஏன் இப்படி? கோபம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஆகவே மனிதர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஏதோ ஒன்றின் படத்தைக் கொண்டு அதற்குப் பெயர் வைத்தார்கள். நெருப்பு, கொதிக்கும் நீர், சீறும் பாம்பு, வெறிபிடித்த நாய் ஆகியவை அந்தப் படங்கள். பிறகு அதே படங்களை உலகத்தின் மேலேயே திருப்பி ஒட்டிவிட்டார்கள். பாம்புக்குக் கோபம், கடலுக்குக் கோபம், இரத்தத்துக்கும் கோபம்! படங்கள் அழகானவைதாம். ஆனால் படத்தையே உண்மை என்று நம்பிவிட்டால் சில சமயம் உயிருக்கே ஆபத்து வரும். எப்படி என்று பார்ப்போமா?

முகம் சொன்ன பெயர்கள்

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது. நகை, அழுகை, அச்சம் முதலிய அந்த எட்டில் ஒன்று வெகுளி. அது எதனால் பிறக்கும் என்பதற்கு நான்கு காரணங்களையும் அந்நூல் தருகிறது: உறுப்புகளை அறுத்தல், குடியினருக்குத் தீங்கு செய்தல், அடித்து வருத்துதல், கொலை செய்தல். பஸ் தாமதமாக வருவது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்! பெரிய அநீதி கண்டு எழுவது வெகுளி. சின்னத் தொல்லையால் வருவது எரிச்சல். இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால் காரணம் தொலைந்துவிடும்.

கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியைக் குறிக்கும் என்றும், நிறத்தையும் குறிக்கும் என்றும் அதே நூல் கூறுகிறது. 'முகம் சிவந்தது', 'முகம் கறுத்துவிட்டது' என்று இன்றும் சொல்கிறோம். இதற்கு உடலியல் காரணம் உண்டு. கோபம் வரும்போது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைவாகத் துடிக்கிறது. முகத்தில் இரத்த ஓட்டம் பெருகுகிறது. 1983-இல் அமெரிக்காவில் பால் எக்மன், ராபர்ட் லெவன்சன், வாலஸ் ஃபிரீசன் ஆகிய மூவர் கோபத்தின்போதும் அச்சத்தின்போதும் விரல்களின் வெப்பநிலையை அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் இதயத் துடிப்பு கூடியது. ஆனால் விரல் சூடேறியது கோபத்தில்தான் அதிகம். ஆக, கோபத்துக்குச் சூட்டின் பெயரை வைத்த முன்னோர் வெறும் கற்பனை செய்யவில்லை.

சீறும் பாம்பும் சீறாத பாம்பும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்ற ஊர் இருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டு இங்கே செயல்பட்டு வருகிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிப்பதற்குத் தருகிறார்கள்.

நல்ல பாம்பு படமெடுத்துச் சீறுவது கோபத்தாலா? இல்லை. நுரையீரலில் உள்ள காற்றை மூச்சுக்குழல் வாய் வழியாக வேகமாக வெளியே தள்ளும்போது எழும் ஒலி அது. 'கிட்டே வராதே' என்பதே அதன் பொருள். நஞ்சு என்பது பாம்பு தன் இரையைப் பிடிக்க வைத்திருக்கும் சேமிப்பு. தின்ன முடியாத உங்கள் மேல் அதை வீணாக்க அதற்கு விருப்பமில்லை. கண்ணாடி விரியன் குக்கர் போல உரக்கச் சீறும். சுருட்டை விரியனோ உடலின் செதில்களை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்பும். இவை மூன்றும் நமக்கு எச்சரிக்கை கொடுக்கின்றன.

கட்டுவிரியனின் வழக்கம் வேறு. இரவில் நடமாடும் அது, தரையில் படுத்து உறங்குபவரைச் சத்தமில்லாமல் கடித்துவிடும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது கண்ணிமைகள் தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சுவிடும் தசைகளும் செயலிழக்கலாம். 'பாம்பு என்றால் சீறும்' என்று சொல்லை நம்பியவர் ஏமாறுகிற இடம் இதுதான். கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்வதும் நல்ல பாதுகாப்பு. கடித்தால் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கொதிக்காத இரத்தம்

இனி நான்காம் வாக்கியம். தாத்தாவின் இரத்தம் உண்மையில் கொதிக்கிறதா? கோபக்காரர், சாந்தமானவர் இருவர் இரத்தமும் சுமார் 37 டிகிரி செல்சியஸில்தான் இருக்கிறது. இரத்தக் கொதிப்பு என்பது இரத்தக் குழாய்களின் சுவர்மேல் இரத்தம் தொடர்ந்து அதிகமாக அழுத்துகிற நிலை. மருத்துவமனையில் பல முறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை நோயாகக் கொள்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லும் இதே குழப்பத்தைச் செய்கிறது. 'ஹைப்பர்டென்ஷன்' என்பதில் உள்ள 'டென்ஷன்' குழாய்ச் சுவரின் இழுவிசையைக் குறிப்பது. நாமோ 'டென்ஷன்' என்ற சொல்லைக் கவலைக்கும் கோபத்துக்கும் எடுத்துக்கொண்டோம். விளைவு? "அவர் சாதுவான மனிதர், அவருக்கு ஏது பி.பி.?" என்று கேட்கிறோம். "இப்போதெல்லாம் எனக்குக் கோபமே வருவதில்லை" என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

கோபம் இரத்த அழுத்தத்தைச் சிறிது நேரம் உயர்த்தும் என்பது உண்மை. ஆனால் இந்த நோய்க்கு வயது, பரம்பரை, உணவில் மிகுந்த உப்பு, உடல் எடை, உடற்பயிற்சி இன்மை எனப் பல காரணங்கள் உண்டு. எந்த அறிகுறியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்து, ஒரு நாள் பக்கவாதத்தையோ மாரடைப்பையோ கொண்டுவரும். இதுவும் ஒரு சீறாத பாம்புதான்! வீட்டில் பெரியவர்கள் அமைதியாக இருக்கிறார்கள் என்பதற்காக அளந்து பார்க்காமல் விடாதீர்கள்.

வெறியும் ராபியாவும்

கோபம் அளவு கடந்தால் 'வெறி' என்கிறோம். அதே சொல் வெறிநாய்க்கடியிலும் இருக்கிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவின் பல நாடுகளிலும் பேசப்படும் ஸ்பானிய மொழியில் கடுங்கோபத்துக்கு 'ராபியா' என்று பெயர். வெறிநாய் நோய்க்கும் 'ராபியா' என்றே பெயர்! இரண்டும் 'ராபியெஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் கடுங்கோபத்தைக் குறிக்கும் 'ரேஜ்' என்ற சொல்லுக்கும் மூலம் அதுவே. உலகின் இரு மூலைகளில் வாழ்ந்தவர்கள் ஒரே நாயைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

ஸ்பானிய மொழியில் கோபத்துக்கு இன்னும் பல சொற்கள் உண்டு. சாதாரணக் கோபம் ஸ்பெயினில் 'என்ஃபாதோ'. மெக்சிகோ போன்ற நாடுகளில் 'எனோஹோ'. 'கொராஹே' என்ற சொல் வீரத்தையும் குறிக்கும், கோபத்தையும் குறிக்கும். மெக்சிகோவில் அது பெரும்பாலும் கோபம். 'கோலெரா' என்பது இன்னும் விசித்திரமானது. முன்னால் 'லா' என்ற பெண்பால் குறி வந்தால் கோபம். 'எல்' என்ற ஆண்பால் குறி வந்தால் காலரா நோய்! பித்தநீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இரண்டுக்கும் வேர். பித்தம் மிகுந்தால் கோபம் மிகும் என்று பண்டைய கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டது. சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. காலராவுக்குக் காரணம் பித்தமல்ல, அசுத்த நீரில் பரவும் ஒரு பாக்டீரியா என்பதை இன்று நாம் அறிவோம்.

இத்தனை சொற்களையும் ஆங்கிலத்தில் 'ஆங்கர்' என்று எழுதிவிடலாம். ஆனால் பித்தமும் நாயும் வீரமும் மொழிபெயர்ப்பில் கரைந்துபோகும்.

நாய்க்கு வருவோம். வெறிநாய் என்றவுடன் வாயில் நுரை தள்ள, கண்டவரையெல்லாம் துரத்தும் நாயையே நினைக்கிறோம். அந்த நோய்க்கு இன்னொரு வடிவமும் உண்டு. நாய் சோர்ந்து, தாடை தொங்கி, ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கும். அதன் உமிழ்நீரிலும் அதே வைரஸ் இருக்கும். போதாததற்கு, நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே வைரஸ் உமிழ்நீருக்கு வந்துவிடலாம். ஆகவே 'அது வெறிநாய் இல்லை, சாதுவான நாய்' என்பது பாதுகாப்பான பேச்சு அல்ல. எந்த நாய் கடித்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, தாமதிக்காமல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். 1885-இல் லூயி பாஸ்டர் தந்த கொடை அது. அவர் பெயரில் 1907-இல் நம் குன்னூரிலும் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

கடலுக்குக் கோபம் வருமா?

பஸ் மாமல்லபுரம் வந்துவிட்டது. கடற்கரைக் கோயிலின் அருகே நின்று அலைகளைப் பாருங்கள். 'கடல் சீற்றத்துடன் காணப்படும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று வானொலியில் கேட்டிருப்பீர்கள். இந்தச் சீற்றத்துக்கு அளவுகோல் உண்டு. அலையின் உயரம் இரண்டரை மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை இருந்தால் 'ரஃப்'. 4 முதல் 6 மீட்டர் வரை 'வெரி ரஃப்'. 6 முதல் 9 மீட்டர் வரை 'ஹை'. கடலின் மனத்தை யாரும் அளப்பதில்லை. காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும்தான் அளக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் மாபெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து ஆழிப்பேரலை நம் கரையை அடைந்தது. அன்று இந்தக் கரையில் புயல் இல்லை, மழை இல்லை. மாமல்லபுரத்தில் கடல் முதலில் பின்வாங்கியது. நீருக்குள் மறைந்திருந்த பாறைகள் வெளியே தெரிந்தன. சீறுவதற்குப் பதிலாக ஒதுங்கிப் போன கடலைக் கண்டு ஓட வேண்டும் என்று பலருக்கும் தோன்றவில்லை. பல கரைகளில் மக்கள் அதை வேடிக்கை பார்க்கக்கூடச் சென்றார்கள். பிறகு வந்த அலை என்ன செய்தது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள்.

கேரள மீனவர்களிடம் 'கள்ளக்கடல்' என்று ஒரு சொல் இருக்கிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்று எழுப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் திருடனைப் போலக் கரைக்குள் நுழையும். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. 'சீற்றம்' என்ற சொல்லால் பிடிக்க முடியாத ஆபத்தை மீனவரின் இந்தச் சொல் பிடித்துவிட்டது பாருங்கள்!

தங்கையின் கோபம்

ஐந்தாம் வாக்கியம் பாக்கி இருக்கிறது. 'தங்கை கோபப்பட்டாள்' என்பதும் 'தங்கை கோபித்துக்கொண்டாள்' என்பதும் ஒன்றா? முதலாவதில் அவள் உங்களைத் திட்டியிருக்கலாம். இரண்டாவதில் அவள் பேசாமல் இருப்பாள், சாப்பிட வரமாட்டாள், நீங்கள் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பாள். 'கொள்' என்ற சிறிய துணைவினை இத்தனை செய்தியையும் சுமக்கிறது. முன்பின் தெரியாதவர் நம்மேல் கோபப்படலாம். நம்மிடம் கோபித்துக்கொள்வதற்குக் கொஞ்சம் உறவு வேண்டும்.

திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள் காதலர்களுக்கிடையே வரும் இப்படிப்பட்ட கோபத்தைப் பற்றியவை. அவற்றில் ஒன்றின் பெயர் 'புலவி'. 1886-இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் இந்தத் தலைப்புக்கு ஆங்கிலச் சொல்லை வைக்கவில்லை. 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல்' என்ற பொருளுடைய 'பூதரி' என்னும் பிரெஞ்சுச் சொல்லைக் கடன் வாங்கினார்! 

இன்னொன்றையும் பாருங்கள். 'எனக்குக் கோபம் வந்தது' என்கிறோம். கோபம் எங்கிருந்தோ வருகிற விருந்தாளி, வந்தது போகும். ஆங்கிலத்தில் 'நான் கோபமாக இருக்கிறேன்' என்றே சொல்வார்கள். ஸ்பானியர்கள் நம் கட்சி. 'மே தா ராபியா' என்பார்கள். 'அது எனக்குக் கோபத்தைக் கொடுக்கிறது' என்று பொருள்.

உலகம் முழுவதும் இப்படித்தானா? 2019-இல் ஜோஷுவா ஜாக்சன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2,474 மொழிகளின் உணர்ச்சிச் சொற்களை ஒப்பிட்டார்கள். காக்கசஸ் மலைப்பகுதியின் ஒரு மொழிக் குடும்பத்தில் கோபச் சொற்கள் பொறாமையோடு உறவு கொண்டிருந்தன. ஆஸ்திரோனேசிய மொழிகளிலோ வெறுப்போடும் கர்வத்தோடும் நெருங்கியிருந்தன. ஆனால் இனிமையானது, கசப்பானது என்ற பிரிவு எல்லா மொழிக் குடும்பங்களுக்கும் பொதுவாக இருந்தது.

செய்து பாருங்கள்

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு, கோபம் வரும்போதெல்லாம் 'கோபம்' என்ற சொல்லைத் தவிர்த்து, அது எரிச்சலா, ஆத்திரமா, ஏமாற்றமா, அவமானமா, பொறாமையா, அநீதி கண்ட வெகுளியா என்று சரியான பெயரை எழுதுங்கள். 2007-இல் கலிஃபோர்னியாவில் மத்தேயு லீபர்மன் குழுவினர் கோபமும் அச்சமும் நிறைந்த முகங்களின் படங்களைச் சிலருக்குக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, மூளையில் அபாய மணி போலச் செயல்படும் 'அமிக்டலா' என்ற பகுதியின் வேகம் குறைந்ததைக் கண்டார்கள். பெயர் வைப்பதே பாதி மருந்து!

வீடு திரும்புவதற்கு முன் மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகைக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பம் அது. சிங்கத்தின் மேல் ஏறிவரும் கொற்றவை எட்டுக் கைகளோடு வில்லை வளைக்கிறாள். எருமைத் தலை அசுரன் தடியோடு பின்னுக்குச் சாய்கிறான். போர் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் அவள் முகத்தைப் பாருங்கள்: சிவக்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை. ஓசையை வைத்து வலிமையை அளக்கக்கூடாது என்பது அந்தச் சிற்பிக்கு அன்றே தெரிந்திருக்கிறது. பாம்பையும் நாயையும் இரத்தத்தையும் கடலையும் பார்க்கும்போது நாமும் அதை மறக்காமல் இருப்போம்.